தொடர்ந்து தோற்கும் கூடைப்பந்து அணியை நெருக்கடிக்குப் பழக்குவது எப்படி?

கோலாலம்பூர்க் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்களில், மூன்று கால்பகுதிகள் வரை ஈடுகொடுத்து ஆடிவிட்டுக் கடைசி 10 நிமிடங்களில் பந்தைப் பறிகொடுக்கும் அணிகளைப் பார்க்கிறோம். அந்தப் பத்து நிமிடத்தில் திறமை எங்கும் போய்விடுவதில்லை. தோற்றுப் பழகிய ஆட்டக்காரரின் மனம் பந்தை விட்டுப் புள்ளிப் பலகைக்குத் தாவிவிடுகிறது. "கவனமாக ஆடுங்கள்" என்று பயிற்றுநர் ஓரத்திலிருந்து கத்துவதால் அது திரும்பி வராது. எதைப் பார்ப்பது, எதைச் செய்வது என்று கவனத்துக்கு ஒரு வேலை கொடுத்து, அந்த வேலையைப் பந்து தட்டுவதைப் போலவே நாள்தோறும் பழக்க வேண்டும்.

எதிரணியின் விதிமீறலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறியான ஃப்ரீ த்ரோவிலிருந்து தொடங்குவது நல்லது. கடிகாரம் நின்றிருக்க, யாரும் மறிக்காமல், அரங்கமே ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அதுதான். எறியும் கோடு, வளையம் பொருத்திய பலகையிலிருந்து 4.6 மீட்டர் தொலைவில் இருக்கிறது. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி, நடுவர் பந்தைத் தந்த பின் 5 விநாடிகளுக்குள் எறிந்தாக வேண்டும். பந்து கைக்கு வருமுன்பே மூச்சை மெதுவாக முழுவதும் வெளியே விட்டு, பந்து வந்ததும் இரண்டு முறை தட்டி, வளையத்தின் முன்விளிம்பில் பார்வையை ஊன்றி, அந்தப் பார்வையை எடுக்காமலேயே எறிய வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்தும் வரிசையை அமைத்துக்கொள்ளலாம். ஆனால், பயிற்சியிலும் போட்டியிலும் அது மாறவே கூடாது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஆட்டக்காரர்கள் எறியத் தொடங்குமுன் வளையத்தின் ஓரிடத்தில் கூடுதல் நேரம் பார்வையை நிலைநிறுத்துவது தெரியவந்தது. போட்டியின் நடுவே "முழங்கையைச் சரியாக வை" என்று திருத்துவதை அறவே தவிர்க்க வேண்டும். தானாக இயங்கும் கையை மனம் கண்காணிக்கத் தொடங்கினால் கை தடுமாறும்.

அடுத்து, நெருக்கடியைப் பயிற்சிக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். கால்கள் சோர்ந்திருக்கும் கடைசிக் கால் மணி நேரத்தில், "இரண்டு நிமிடம் மீதம், நாம் நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறோம்" என்று அறிவித்துக் கடிகாரத்தை ஓடவிடுங்கள். வெளியே அமர்ந்திருப்பவர்கள் எதிரணி ஆதரவாளர்களைப் போலக் கூச்சலிடட்டும். ஓரத்தில் ஒரு கைத்தொலைபேசியை நிறுத்திப் படம்பிடியுங்கள். உளவியலாளர்கள் சியான் பைலாக்கும் தாமஸ் காரும் 2001இல் வெளியிட்ட கோல்ஃப் ஆய்வில், கேமராவின் முன் பழகியவர்கள் பின்னர் நெருக்கடியிலும் தடுமாறவில்லை. ஒருவர் எறி தவறியதற்காக அணி முழுவதையும் ஓடவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஏற்கெனவே துவண்டுபோன அணிக்கு அது பெரும் கேடு. எறியும்போது வளையத்துக்குப் பதிலாகத் தோழர்களின் முகங்களே அந்த ஆட்டக்காரரின் கண்முன் நிற்கும்.

தவறு நேர்ந்தபின் வரும் சில விநாடிகளே ஆட்டத்தைக் கெடுக்கின்றன. பந்தைப் பறிகொடுத்தவர் தலையில் கைவைத்து நிற்கும் நேரத்தில் எதிரணி புள்ளி எடுத்துவிடுகிறது. தமிழ், மலாய், சீன மாணவர்கள் சேர்ந்தாடும் அணியில் "பாலிக்!" (திரும்பு) போன்ற ஒரு சிறு மலாய்ச் சொல்லை முடிவுசெய்துகொண்டு, தவறு நடந்த கணமே ஐவரும் அதைக் கூவியபடி தற்காப்புக்கு ஓடுவது வழக்கமாக வேண்டும். யார் தவறு என்ற பேச்சுக்குக் களத்தில் இடமில்லை.

பயிற்றுநர் கேட்டுப் பெறும் ஆட்ட இடைநிறுத்தமான டைம் அவுட்டையும் ஒத்திகை பார்க்க வேண்டும். ஃபீபா விதிப்படி முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3 கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே நிமிடம். முதல் 15 விநாடிகள் யாரும் பேசாமல் தண்ணீர் குடித்து மூச்சை நிதானப்படுத்தட்டும். பிறகு பயிற்றுநர் ஒரே ஒரு தற்காப்புக் கட்டளையையும் ஒரே ஒரு தாக்குதல் கட்டளையையும் சொல்லட்டும். எழுவதற்குமுன் அணித் தலைவர் அவற்றைத் திரும்பச் சொல்லட்டும். ஐந்தாறு அறிவுரைகளை அடுக்கினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. மாலை மழையால் திறந்தவெளிக் களம் நனைந்துவிடும் நாள்களைக் கூரையடியில் இந்த ஒத்திகைக்குப் பயன்படுத்தலாம்.

தோற்ற இரவில் மாமாக் எனப்படும் உணவுக்கடையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஆட்டத்தை அலச வேண்டாம். மறுநாள் பயிற்சிக்குமுன் பேசினால் போதும். அடுத்த ஆட்டத்துக்கான இலக்காக வெற்றியை வைக்காமல், "ஒவ்வோர் எறிக்கும் நம் ஆட்டக்காரர் ஒருவர் எதிராளியை மறித்து ரீபவுண்டுக்கு (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு) நிற்க வேண்டும்" என்பதுபோலத் தங்கள் கையில் இருப்பதை வையுங்கள். மாற்று ஆட்டக்காரர் ஒருவர் அதைத் தாளில் குறித்து வரட்டும். தேர்வு வாரங்களில் பயிற்சி நேரத்தைக் குறைப்பதே நல்லது. தூக்கமோ உணவோ குறைந்து எவரேனும் ஒதுங்கத் தொடங்கினால், "சரியாகிவிடும், தம்பி" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடாமல், அணியில் ஒருவர் உடன் சென்று அவரைக் கல்லூரி ஆலோசகரிடம் சேர்க்க வேண்டும். அவர் அடுத்த ஆட்டத்துக்கு வருவாரா என்று அப்போது கேட்க வேண்டாம்.