பணியிடச் சாட்பாட்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளையாரைத் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோடு தொழிற்பகுதியில், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் தமிழரும் பாலக்காட்டு மலையாளிகளும் ஒரே ஷிஃப்டில் வேலை பார்ப்பதுண்டு. அத்தகைய அலுவலகம் ஒன்றின் ஸ்லாக் (பணியிடச் செய்திச் செயலி) குழுவில் விடுப்புகளைப் பதிவு செய்ய எளிய சாட்பாட் ஒன்றை எழுத முனைபவர், அது என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதிலேயே பெரும்பகுதி நேரத்தைச் செலவிடுகிறார். தவறுகளோ பெரும்பாலும் செய்தி வந்து சேரும் இடத்திலேயே நேர்கின்றன.

முதலாவது, பாட் தன் செய்திக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வது. தான் எழுதியதும் குழுவில் ஒரு செய்தியாகவே திரும்பி வரும் என்பதால், அனுப்பியவர் பாட்தானா என்று முதலில் பார்த்து ஒதுக்காவிட்டால் உரையாடல் முடிவில்லாமல் சுழலும்.

இதைவிட நுட்பமானது, ஒரே விடுப்பு இரண்டு மூன்று முறை பதிவாவது. நிகழ்வை, அதாவது குழுவில் செய்தி வந்ததென்ற அறிவிப்பை, நம் நிரலுக்கு அனுப்பிய 3 நொடிகளுக்குள் பெற்றுக்கொண்டதற்கான பதில் வராவிட்டால், ஸ்லாக் அதே நிகழ்வை ஏறத்தாழ உடனேயும், பிறகு 1 நிமிடம், 5 நிமிடம் கழித்தும் என மூன்று முறை வரை மீண்டும் அனுப்பும். தரவுத்தளத்தில் எழுதி, மேலாளருக்குத் தகவல் அனுப்பிய பிறகே பதில் தரும் நிரல் இந்தப் பொறியில் சிக்கும். பெற்றுக்கொண்டதை உடனே தெரிவித்துவிட்டு வேலையைப் பின்னணியில் செய்வதும், நிகழ்வின் அடையாள எண்ணைச் சேமித்து வைத்து, ஏற்கெனவே வந்ததை விலக்குவதும் ஆகிய இரண்டுமே தேவை. ஒன்று மட்டும் போதாது.

டோக்கனை (பாட் ஸ்லாக்கில் நுழைவதற்கான ரகசியச் சாவியை) நிரலுக்குள்ளேயே எழுதி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட் களஞ்சியத்தில் ஏற்றுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வரும் கோரிக்கை ஸ்லாக் அனுப்பியதுதான் என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் விடுவதும் அதற்குக் குறைந்த தவறன்று. நிரலின் இணைய முகவரி தெரிந்த எவரும் பிறர் பெயரில் விடுப்புப் போட்டுவிடலாம்.

எல்லைப்பகுதிக்கே உரிய சிக்கல் எழுத்தில் இருக்கிறது. ‘போனஸ்’ என்ற சொல்லின் ஓகாரக் குறியை, எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் பொதுத் தரமான யுனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து வைத்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள். யுனிகோடு ஒன்றெனக் கருதும் வடிவங்களை ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் மலையாளத்தில் ‘ஞான்’ என்பதன் இறுதியில் வரும் சில்லெழுத்துக்கு (உயிரொலி சேராத மெய்யின் தனி வடிவத்துக்கு) 2008இல் வெளியான யுனிகோடு 5.1 தனிக் குறியீடு தந்ததால், பழைய முறையும் புதிய முறையும் இன்றும் கலந்தே புழங்குகின்றன. அவ்விரண்டையும் என்எஃப்சி ஒன்றாக்காது என்பதால் நாமே மாற்றுப் பட்டியல் எழுத வேண்டியிருக்கிறது. பலர் இரு மொழிகளையும் ஆங்கில எழுத்தில் மனம்போல் தட்டுவதையும் கணக்கில் கொண்டால், சொற்களைப் பொருத்திப் பார்ப்பதைக் குறைத்து, அழுத்துவதற்குப் பொத்தான்களைக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

இறுதியாக, தேதி. பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. நம் நேரம் அதற்கு 5.30 மணி முன்னால் இருக்கிறது. காலை 6 மணி ஷிஃப்டுக்கு வர வேண்டியவர் 5 மணிக்கு ‘இன்று லீவு’ என்று அனுப்பினால், நேர மண்டலத்தைக் குறிப்பிடாத பாட் அதை முந்தைய நாளின் கணக்கில் எழுதும். அவரோ நேற்று வேலைக்கு வந்திருப்பார்.