குழந்தை திணறும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

மூன்று வயதுக் குழந்தை தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்க்கிறது. இடப்பக்கம் திருக வேண்டிய மூடியை வலப்பக்கம் திருக, அது இன்னும் இறுகுகிறது. குழந்தையின் முகம் சுருங்குகிறது. அவ்வளவுதான், பக்கத்தில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ “குடு, நான் திறந்து தரேன்” என்று வாங்கிவிடுவார்கள். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் “இப்படி வரலையே, வேற எப்படி?” என்று குழந்தை யோசிக்க ஆரம்பிப்பது சரியாக அந்த நொடியில்தான். இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்பேன்.

கை முந்திப் போவது

கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை. எவ்வளவு உதவுவது என்பதுதான் கேள்வி. 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேரிடம் 21 மரத்துண்டுகளைக் கொடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பிரமிடு வடிவக் கோபுரம் கட்ட வைத்தார்கள். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலேயே இருந்தார், ஆனால் முடிந்தவரை பிள்ளைகளையே செய்ய விட்டார். மூன்று வயதுக்காரர்களுக்குச் சொல்வதைவிடச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. வயது ஏற ஏற, வாயால் சொன்னதே போதுமானதாக இருந்தது. கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போல, தேவைப்படும் வரை இருந்து பிறகு விலகும் உதவி இது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை எளிது. குழந்தை கடைசியாகச் செய்த முயற்சியைப் பாருங்கள். அது தோற்றிருந்தால் உதவியை ஒரு படி கூட்டுங்கள், பலித்திருந்தால் ஒரு படி குறையுங்கள். பாட்டில் மூடியையே எடுத்துக்கொள்வோம். முதலில் எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பொறுங்கள். பிறகு, “இந்தப் பக்கம் இறுகுதே, வேற என்ன பண்ணலாம்?” என்று கேளுங்கள். அதற்கும் வரவில்லையா? விரலால் திசையைக் காட்டுங்கள். அப்போதும் முடியாவிட்டால் மூடியைச் சற்றுத் தளர்த்தி, பாட்டிலைத் திருப்பி அதன் கையிலேயே கொடுங்கள். கடைசித் திருகல் குழந்தையுடையதாக இருக்கட்டும். நாளைக்கு அதே மூடிக்குத் தளர்த்திக் கொடுக்காமல் தொடங்குங்கள். நேற்று உதவிய அளவிலேயே தினமும் உதவிக்கொண்டிருந்தால் குழந்தை அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. “நீயே பண்ணு, எல்லாத்துக்கும் என்னைக் கூப்பிடாதே” என்று விட்டுவிட்டுப் போவது. நிஜமாகவே எட்டாத வேலையில் தனியாக விடப்பட்ட குழந்தை, முயன்று பயனில்லை என்றுதான் கற்றுக்கொள்ளும். “இதுகூடத் தெரியலையா?” என்ற கேள்வியும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

விளையாட்டுப் பொருளுக்கு விளக்கவுரை

புதுப் பொம்மை வாங்கிவந்ததும் உட்கார்ந்து, “இதை இப்படித்தான் அழுத்தணும்” என்று காட்டிவிடுகிறோம். 2011-இல் எலிசபெத் பொனாவிட்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், நான்கு விதமான வேலை செய்யும் ஒரு பொம்மையைப் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளிடம் கொடுத்தார்கள். ஒரு வேலையை மட்டும் பெரியவர் பாடம் போலச் செய்துகாட்டியதைப் பார்த்த குழந்தைகள், பெரும்பாலும் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். அப்படிப் பாடம் எதுவும் பெறாத குழந்தைகள் மற்றவற்றையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். ‘தெரிந்தவர் காட்டிவிட்டார், இதில் வேறொன்றும் இருக்காது’ என்று குழந்தை முடிவு செய்வதில் நியாயம் இருக்கத்தானே செய்கிறது? எனவே புதுப் பொருளைக் கொடுத்ததும் சற்று நேரம் வாயைத் திறக்காதீர்கள். அடுப்பு, பிளக், கத்தி, நீர்த்தொட்டி, சாலை ஆகியவற்றுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அங்கே உடனே தடுக்க வேண்டும்.

கதவை அடிப்பது

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம் இது. குழந்தை கதவில் இடித்துக்கொண்டு அழுதால், “யாரு அடிச்சா எங்க தங்கத்தை? இந்தக் கதவா? அடி அதை!” என்று கதவை நாலு சாத்து சாத்துவோம். அழுகை நிற்கும் என்பது உண்மை. ஆனால் நடந்தது ஏன் நடந்தது என்று பார்க்க வேண்டிய இடத்தில், யார் மேல் பழி போடுவது என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறோம். கதவை அடித்த குழந்தை நாளைக்கும் அதே வேகத்தில் அங்கே ஓடி வரும்.

முதலில் அணைத்து ஆறுதல் சொல்லுங்கள். அழும்போது பாடம் ஏறாது. தேம்பல் அடங்கிய பிறகு, “எங்க இடிச்சுது? கதவு பாதி மூடியிருந்துச்சா? அடுத்த தடவை ஓடி வரும்போது என்ன பண்ணலாம்?” என்று கேளுங்கள். “மெதுவா வருவேன்” என்றோ, “கதவை முழுசாத் திறந்து வைக்கலாம்” என்றோ பதில் வரும். இரண்டாவது பதில் வந்தால் அதை உடனே செய்துபாருங்கள். தன் யோசனையால் வீட்டில் ஒன்று மாறியதைக் குழந்தை கண்ணால் பார்க்கட்டும். அழுகையை நிறுத்தக் கையில் போனைக் கொடுத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

அண்ணன் தங்கைச் சண்டைக்குத் தீர்ப்பு

“நீதானே பெரியவன், விட்டுக்கொடு” என்ற தீர்ப்பில் சத்தம் ஓயும், பிரச்சினை அப்படியே இருக்கும். சைக்கிள் ஒன்று, ஆள் இருவர் என்பதை முதலில் சொல்லிவிட்டு, “ரெண்டு பேரும் ஒத்துக்குற மாதிரி ஒரு வழி சொல்லுங்க” என்று கேளுங்கள். நமக்குச் சரியாகத் தோன்றாத யோசனையானாலும், யாருக்கும் அடிபடாது என்றால் ஒரு முறை செய்துபார்க்க விடுங்கள். ஆளுக்கு ஒரு சுற்று என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட விதியை, நாம் போட்ட விதியைவிட நன்றாகக் காப்பாற்றுவார்கள்.

நம் திணறலை மறைப்பது

2017-இல் வந்த ஓர் ஆய்வு 15 மாதக் குழந்தைகளைப் பற்றியது. பெரியவர் ஒருவர் டப்பாவிலிருந்து பொம்மையை எடுக்கப் போராடிக் கடைசியில் எடுத்ததைச் சில குழந்தைகள் பார்த்தன. வேறு சில குழந்தைகள் அவர் சுலபமாக எடுத்ததைப் பார்த்தன. பிறகு அழுத்தினாலும் வேலை செய்யாத பட்டன் உள்ள பொம்மையைக் கொடுத்தபோது, போராட்டத்தைப் பார்த்த குழந்தைகளே அதிக முறை அழுத்திப் பார்த்தன. ஆகவே மிக்ஸி ஜார் உட்காராதபோது வாய்விட்டுச் சொல்லுங்கள்: “பொருந்தலையே… கொஞ்சம் திருப்பி வெச்சுப் பார்க்கிறேன்… இப்பவும் இல்லை… ஓ, அடியில ஏதோ மாட்டியிருக்கு.”

நேரமும் துணையும்

வேன் வாசலில் நிற்கும்போது ஷூ மாட்டும் பயிற்சி வேண்டாம், நீங்களே மாட்டிவிடுங்கள். பசியிலும் தூக்கத்திலும் இருக்கும் குழந்தையையும் சோதிக்க வேண்டாம். சாயங்காலமோ விடுமுறை நாளோ போதும்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். “அத்தை, அவனே கொஞ்சம் பார்க்கட்டும், கேட்டா உதவலாம்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்கு இன்னும் நல்ல வேலை ஒன்றும் உண்டு: பல்லாங்குழி. எல்லாவற்றையும் வாயில் போடும் வயது தாண்டிய பிறகே சோழியையோ புளியங்கொட்டையையோ கையில் கொடுக்க வேண்டும். நான்கு வயதில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வருவதே போதும். ஐந்து, ஆறு வயதில், “இந்தக் குழியில எடுத்தா கடைசிக் காய் எங்க போய் விழும்?” என்று எடுப்பதற்கு முன்பே பாட்டி கேட்கலாம். பதினான்கு குழிகளையும் கண்ணால் ஓட்டிப் பார்த்துக் குழந்தை ஒரு குழியைக் காட்டும். சரியா தப்பா என்று பாட்டி சொல்ல வேண்டாம், போட்டுப் பார்த்தால் காயே சொல்லிவிடும்.