தாய்லாந்தில் குடும்பத்தோடு சமையல் வகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட தாய்லாந்தில் உள்ள சியாங் மாய்க்குப் போகிற குடும்பங்கள் கோயில், யானை, இரவுச் சந்தை என்று நாள்களை நிரப்பிவிட்டு, மிச்சமிருக்கும் இடைவெளியில் ஒரு சமையல் வகுப்பைச் செருகுவது வழக்கம். நாங்களும் அப்படித்தான் செருகினோம். நான், கணவர், பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், முட்டைகூடத் தொடாத மாமியார். செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றை ஒரே நாளில் செய்து முடித்தோம்.

முதல் தவறு, "நாங்கள் சைவம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தது. அங்கே பலருக்குச் சைவம் என்றால் கறித்துண்டு இல்லாதது, அவ்வளவுதான். உப்புக்குப் பதிலாக ஊற்றுவது 'நாம் பிளா', அதாவது மீன் சாறு. குழம்புக்கு இடிக்கும் சாந்தில் கப்பி என்ற புளித்த இறால் விழுது. காய்கறி வதக்கலில் சிப்பிச் சாறு. பச்சை நிறக் குழம்பை அத்தை இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகுதான் மேசையில் இருந்த கப்பிக் கிண்ணம் எங்கள் கண்ணில் பட்டது. அன்று மாலை வரை அவர் யாரோடும் பேசவில்லை.

"ஜே" என்று சொன்னால் போதும் என்பார்கள். அது பௌத்தர்களின் கடுமையான விரத உணவு. பூண்டும் வெங்காயமும்கூட அதில் கிடையாது. அவை இல்லாமல் இடித்த சாந்தில் பாதி ருசி போய்விடும். எனவே பதிவு செய்யும்போதே எவையெல்லாம் வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்: நாம் பிளா, கப்பி, நாம் மன் ஹோய். கடைசியாகச் சொன்னதுதான் சிப்பிச் சாறு. உரலையும் தனியாகக் கேளுங்கள். இடிப்பதில் நாரும் கடினமும் உள்ளவை முதலில், மென்மையானவை பிறகு. கப்பி பெரும்பாலும் கடைசியில்தான் விழும். ஆகவே புது உரலில் இடிக்கத் தொடங்கினால், கப்பி சேர்க்கும் முன் ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கிய சாந்தைக் கரைக்கும் வகுப்பில் இந்த வழி இல்லை. அப்படிப்பட்ட வகுப்புக்குப் பணம் கட்டுவதே வீண் என்பது என் கட்சி.

சின்னப் பிள்ளைகளோடு முழுநாள் வகுப்பு வேண்டாம். அரை நாள் என்பதே சந்தை சுற்றல் உட்பட நான்கைந்து மணி நேரம் ஆகும். பையன் மூன்றாவது பதார்த்தத்தில் மேசைக்கு அடியில் தூங்கிவிட்டான். காலையில் விடுதியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனது அடுத்த அசட்டுத்தனம். சமைத்ததை அவ்வப்போதே சாப்பிடச் சொல்வார்கள். பிள்ளைக்குத் தனி அடுப்பு உண்டா, வேடிக்கை பார்க்க மட்டும்தானா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்தில் வயலும் காடும் எரியும் புகை சூழ்ந்திருக்கும். திறந்தவெளிப் பண்ணைச் சமையலறைக்கு அது ஏற்ற பருவம் அல்ல.

ஆளுக்கொரு பதார்த்தம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அத்தையைத் தவிர நாங்கள் நால்வரும் பாத் தாய் என்றோம். நான்கு தட்டிலும் ஒரே நூடுல்ஸ்! வேறு வேறாக எடுத்திருந்தால் நான்கு வித்தையோடு வீடு திரும்பியிருக்கலாம்.

காரத்தில் வீரம் காட்டாதீர்கள். பிரிக் கீ நூ என்றால் எலிப்புழுக்கை மிளகாய் என்று பொருள். பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதை இடித்த கையால் பெண் கண்ணைக் கசக்கியதும் சிரிப்பு நின்றது.

நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் செய்யும் தவறு ஒன்று தனியாக உண்டு. சந்தையில் அத்தை குதூகலமாக இருந்தார். பட்டாணி போலக் கொத்தாகக் கிடந்தது நம் சுண்டைக்காய். வதக்கலில் போடும் 'கப்ராவ்' நம் துளசி. 'ஹொராபா' திருநீற்றுப்பச்சிலைக்கு உறவு. எல்லாம் தெரிந்தவை என்ற தெம்பில், அடுப்பருகே ஆசிரியை சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நாம் தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி, திரிந்துவிடுமோ என்ற பயத்தில் உடனே இறக்குவோம். அவர்களோ கெட்டிப் பாலை முதலில் ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை காய்ச்சி, அதில்தான் சாந்தை வதக்குகிறார்கள். திரிவதுதான் அங்கே பக்குவம். அத்தை தன் வழக்கப்படியே செய்தார். குழம்பில் பச்சை வாடை போகவில்லை. ஆசிரியை சிரித்தபடி அவருடைய வாணலியை மறுபடியும் அடுப்பில் ஏற்றினார். தாளிக்கக் கடுகு எங்கே என்று அத்தை கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஊருக்குச் சாந்துப் பொட்டலம் வாங்கினால் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். நாங்கள் வாங்கிய நான்கில் மூன்றில் இறால் இருந்தது. அந்த மூன்றும் எதிர் வீட்டுக்குப் போய்விட்டன.