வேகத்துக்கு அபராதம் வந்தால் முதலில் படத்தைப் பாருங்கள்

கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, முள்ளோடை வழியாகப் புதுச்சேரி போய்வந்த சில நாளில் 'அதிவேகம், அபராதம்' என்று எஸ்எம்எஸ் வருகிறதா? அதில் இருக்கும் லிங்க்கைத் தொடாதீர்கள். ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) அனுப்பிப் பணத்தைச் சுருட்டும் கும்பல்கள் நிறைய. நீங்களே அரசின் பரிவாகன் இ-சலான் (ஆன்லைன் அபராதச் சீட்டு) தளத்துக்குப் போய் வண்டி எண் போட்டுப் பாருங்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியவேண்டும்.

சலான் உண்மைதானா? சரி, உடனே பணம் கட்டிவிடாமல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மஞ்சக்குப்பத்தில் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வந்த சலானில் இருந்தது வேறொருவருடைய ஸ்கூட்டர். நம்பர் பிளேட்டில் 3 என்பது 8 ஆகப் பதிவாகியிருந்தது! 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-இன்படி, கேமரா சலானில் நம்பர் பிளேட் தெரியும் படம், இடம், தேதி, நேரம், கருவி அளந்த வேகம் எல்லாம் இருக்கவேண்டும். தவறு இருந்தால் அதே தளத்தில் புகார் பதியலாம். ஆர்சி நகலையும் உங்கள் வண்டியின் படத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பு நம்முடையது என்றால் ஆன்லைனில் கட்டி ரசீதைச் சேமியுங்கள். தமிழ்நாட்டில் பைக், காருக்கு முதல் தடவை 1,000 ரூபாய். கட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், வண்டியை விற்றவர்கள் பெயர் மாற்றத்தை உடனே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் பறந்தாலும் சலான் உங்களுக்குத்தான் வரும்.