முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு: தலையணையில் தொடங்கும் தவறு

அறுவை முடிந்து வீடு வந்த பெரியவரின் முழங்காலுக்கு அடியில், வலிக்கக் கூடாதே என்று பிள்ளைகள் தலையணை வைத்துவிடுவார்கள். அக்கறைதான், ஆனால் அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. கால் லேசாக மடங்கியிருந்தால் வலி அடங்கும். நாளெல்லாம் அப்படியே கிடந்தால் மூட்டின் பின்புறம் சுருங்கி இறுகிவிடும். 10 டிகிரி நிமிராமல் போனாலே நடை நொண்டும், தொடை சீக்கிரம் சோர்ந்துபோகும்.

"எவ்வளவு மடங்குது?" என்று விசாரிக்கிறவர்கள் "முழுசா நீளுதா?" என்று கேட்பதில்லை. மல்லாந்து படுக்க வைத்து, சுருட்டிய துண்டைக் கணுக்காலுக்கு அடியில் மட்டும் வையுங்கள். 5 முதல் 10 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. அப்படியே முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி இறுக்கித் தளர்த்தட்டும். ஒரு தடவைக்கு 10 முறை. முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் விரல் வைத்துப் பாருங்கள். தசை கெட்டியாகி, முழங்கால் சில்லு தொடைப் பக்கம் லேசாக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் இடுப்பால் அழுத்துகிறார், தொடைத் தசை வேலை செய்யவில்லை.

வீக்கம் வடியக் காலை உயர்த்தி வைக்கும்போதும் இதே கவனம் தேவை: தலையணை கெண்டைக்கால், குதிகால் பக்கம் இருக்கட்டும், முழங்கால் நேராக நிற்கட்டும்.

மடக்குவதில் நேர்மாறான தவறு நடக்கிறது. வீட்டார் பலவந்தமாக மடக்கிவிடக் கூடாது. வீங்கிய மூட்டு இன்னும் இறுகும். மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போடும்படி நேரத்தை அமைத்து, குதிகாலைப் படுக்கையில் உரசியபடி பிட்டத்தை நோக்கி அவரே இழுக்கட்டும். முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் பயிற்சியின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

வாக்கரை அவசரப்பட்டு விட்டால் நொண்டல் பழகிவிடும். கைத்தடிக்கு மாறியதும் அது அறுவை செய்யாத பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால் நீவிவிடவே கூடாது; இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காயத்தில் நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.