சரிவான, கோணல் மனையில் கார் ஷெட்: முதலில் மட்டம், பிறகு இடம்

கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் வீட்டு மனை என்றாலே ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். எல்லையும் நேராக இருக்காது. அங்கே கார் ஷெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் மூலையைப் பார்த்து இடம் குறித்துவிடுகிறார்கள். ராம்ப் செங்குத்தாகிவிட்டதும் வண்டியின் அடி தட்டுவதும் கட்டி முடித்த பிறகுதான் தெரிகிறது. ஷெட்டின் தரை எந்த மட்டத்தில் வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இடம் அதைப் பொறுத்தே அமையும்.

1. மனையை அளப்பது

நான்கு மூலையிலும் முளை அடித்து, நான்கு பக்கங்களையும் ஒரு மூலைவிட்டத்தையும் அளந்தால் கோணல் மனையும் இரண்டு முக்கோணங்களாகக் காகிதத்தில் இறங்கிவிடும். இன்னொரு மூலைவிட்டம் சரிபார்க்க. டேப்பை மண்ணோடு சாய்த்துப் பிடிக்காதீர்கள். கிடைமட்டமாக இழுத்துப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, துண்டு துண்டாக அளக்க வேண்டும். சரிவோடு அளந்த 30 அடியில் 10 அடி இறக்கம் இருந்தால் கிடைநீளம் 28 அடி சொச்சம்தான். அந்த வித்தியாசத்தில் எல்லைத் தகராறே வந்துவிடும். சர்வே புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

2. மட்டம் எடுப்பது

மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய்) போதும். ரோட்டின் ஓரத்தைப் பூஜ்யமாக வைத்து, உள்ளே 5 அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள். குழாயில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி சிக்கினாலும் மட்டம் தவறும். தொடங்கும் முன் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

3. ராம்ப் கணக்கு

காருக்கு 8 அடிக்கு 1 அடி ஏற்றம்தான் நல்ல வரம்பு. ஆனால் அந்தச் சரிவை ரோட்டில் இருந்தே நேராகத் தொடங்கினால் கீழ்முனையில் பம்பர் உரசும், மேல்முனையில் வண்டியின் வயிறு தட்டும். அதனால் இரு முனைகளிலும் 8 அடி நீளத்துக்கு 16-க்கு 1 என்று பாதிச் சரிவு கொடுக்க வேண்டும்.

ரோட்டுக்கும் ஷெட் தரைக்கும் 4 அடி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். இரு முனைகளும் ஆளுக்கு 6 அங்குலம் ஏற்றும். அது 1 அடி. மீதி 3 அடிக்கு 24 அடி நீளம் வேண்டும். ஆக மொத்தம் 40 அடி. ரோட்டில் இருந்து ஷெட் வாசல் வரை 20 அடிதான் இருக்கிறது என்றால், இதே கணக்கில் ஒன்றரை அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. பல மனைகளில் ஷெட் ரோட்டை ஒட்டியே வர வேண்டியிருப்பது இதனால்தான்.

மனை ரோட்டுக்குக் கீழே இருந்தால் ரோட்டு மட்டத்திலேயே தூண்கள் மேல் தளம் போட்டு, அடியில் ஸ்டோர் ரூம் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தளத்துக்கு இன்ஜினியர் தனியாக டிசைன் தர வேண்டும். சக்கரம் நிற்கும் சின்ன இடத்தில் முழுப் பாரமும் இறங்குவதால், வீட்டு ரூஃப் கம்பி அளவு இங்கே போதாது.

4. கோணல் மனையில் இடம் குறிப்பது

சுவரை எல்லைக்கு இணையாகக் கொண்டுபோனால் உள்ளே ஒரு பக்கம் குறுகி, கார் கதவு திறக்காது. ஷெட்டைச் செவ்வகமாக, வண்டி வரும் திசைக்கு நேராக வையுங்கள். மிஞ்சும் முக்கோணத் துண்டுகள் பைக்குக்கும் வடிகாலுக்கும் போகட்டும். உள்ளளவு 10-க்கு 18 அடி குறைந்தபட்சம், 11-க்கு 20 வசதி. வண்டி திரும்பித்தான் நுழைய வேண்டும் என்றால் ஷட்டர் 10 அடி அகலமும், வாசலுக்கு முன்னால் 20 அடி சமதரையும் தேவை. சமதரை எங்காவது இருந்தால் அங்கே இதே அளவில் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, காரை ஓட்டித் திருப்பிப் பாருங்கள்.

5. மண் வெட்டு, தடுப்புச் சுவர், தண்ணீர்

சரிவு மனையில் நடக்கும் பெரிய கேடுகள் இங்கேதான். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி வட்டாரங்களில் மண் சரிந்து உயிர்கள் போனது மலையில் இருப்பவர்களுக்கு மறக்காது. நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டட அனுமதி கேட்கும்போதே அதையும் கேட்டுவிடுங்கள். மண் வெட்டும் வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடியுங்கள். முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்டாமல், 8–10 அடி வெட்டி, அங்கே சுவரை எழுப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும்.

வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, அதன் மேல் அஸ்திவாரம் போடவே கூடாது. ஒன்றிரண்டு மழைக்குள் பாதி ஷெட் இறங்கி, வெட்டும் நிரப்பும் சேரும் கோட்டில் தரை பிளக்கும். அஸ்திவாரம் படிப்படியாக இறங்கி, எல்லா இடத்திலும் அசல் மண்ணில் உட்கார வேண்டும்.

கருங்கல் தடுப்புச் சுவர் 6 அடி உயரம் என்றால் அடி அகலம் 3 முதல் 3½ அடி. அதற்கு மேல் உயர்ந்தாலோ, சுவரின் தலைமாட்டில் கார் நின்றாலோ இன்ஜினியர் கணக்குப் போடாமல் கட்டாதீர்கள். சுவர்கள் பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீரால்தான் விழுகின்றன: மழைக்குப் பிறகு நடுவில் வயிறு தள்ளும், அடுத்த மழையில் சாயும். 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாயை வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். சுவருக்குப் பின்னால் 1 அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லி இல்லாமல் குழாய் மட்டும் வைத்தால் களிமண் அடைத்துக்கொள்ளும். சுவருக்கு மேலேயும் ஒரு சிமென்ட் வாய்க்கால் ஓடி, மேட்டுத் தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும்.

6. தரை

ராம்ப் ஷெட்டை நோக்கி இறங்கினால் வாசலுக்கு முன் முழு அகலத்துக்கும் கம்பி மூடி போட்ட 8 அங்குல வாய்க்கால் கட்டாயம். ஷெட் தரை அதைவிட 2 அங்குலம் உயரட்டும். ராம்ப் கான்கிரீட் 5 அங்குலம், 10 அடிக்கு ஒரு ஜாயின்ட். மலையில் பாசி பிடிக்கும் என்பதால் வழவழப்பாகத் தேய்க்க விடாதீர்கள்; ஈரத்திலேயே குறுக்காகக் கோடு கீறி, 10 நாளாவது நனைத்த சாக்கு போட்டு வையுங்கள். 28 நாள் ஆகும் வரை வண்டியை ஏற்ற வேண்டாம்.