மதுரை வெயிலில் காரின் தோல் இருக்கைகளைப் பராமரிப்பது எப்படி?

புதிதாகத் தோல் செருப்பு வாங்கினால் அன்று இரவே விளக்கெண்ணெய் தடவி வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கார் இருக்கைக்கும் கொண்டுபோய், தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ பூசுகிறவர்கள் மதுரையில் இன்றும் இருக்கிறார்கள். செருப்புக்குச் சரியாக இருக்கும் முறை இருக்கைக்கு ஏன் பொருந்தாது என்பது புரிந்துவிட்டால், இங்கே சொல்லப்போகும் படிகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

நாட்டுச் செருப்புத் தோல், ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளின் சாற்றில் பதனிடப்பட்டது. அதன் மேல் பூச்சு எதுவும் கிடையாது என்பதால் தடவிய எண்ணெயை அது உறிஞ்சிக்கொண்டு மிருதுவாகிறது. கார் இருக்கைத் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பால் பதனிடப்பட்டு, நிறமி பூசப்பட்டு, அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்னும் மெல்லிய மேற்பூச்சுடன் வருகிறது. எண்ணெய் அந்தப் பூச்சைத் தாண்டி எளிதில் உள்ளே போவதில்லை. மேலேயே தங்கி, தூசியைப் பிடித்துவைத்து, நாளடைவில் சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுப்பாகிறது. ஆகவே நீங்கள் துடைக்கப்போவது பெரும்பாலும் தோலை அல்ல, அதன் மேற்பூச்சை. அதனால்தான் சுத்தம் செய்வது முதன்மையான வேலை. தோல் வறளாமல் மிருதுவாக இருக்கப் பூசும் கண்டிஷனர் அதற்கு அடுத்ததுதான்.

படி 1: இருக்கை உண்மையில் தோல்தானா?

கார் அலங்காரக் கடைகளில் தைத்துப் போடும் உறைகளும், நடுத்தர விலைக் கார்களில் நிறுவனமே பொருத்தித் தரும் இருக்கைகளும் பெரும்பாலும் லெதரெட் எனப்படும் செயற்கைத் தோலே. வண்டியுடன் தந்த கையேட்டில் இது குறிப்பிடப்பட்டிருக்கும். உண்மைத் தோல் என்று விற்கப்படும் இருக்கைகளிலும், உடல் படும் பகுதி மட்டும் தோலாகவும் பக்கவாட்டும் பின்புறமும் செயற்கைப் பொருளாகவும் இருப்பது வழக்கம். லெதரெட்டுக்குக் கீழே சொல்லும் சுத்தம் செய்யும் முறை அப்படியே பொருந்தும். ஆனால் தோல் கண்டிஷனருக்குச் செலவழிக்கத் தேவையில்லை, ஏனெனில் அதனால் அந்தப் பொருளுக்குப் பயன் ஒன்றும் இல்லை. இருக்கை லெதரெட்டாக இருந்தாலும் ஸ்டீயரிங்கில் உண்மைத் தோல் சுற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தோல்தான் என்று உறுதியானால், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்துப்போல் நின்றால் மேற்பூச்சு இருக்கிறது, வேலையைத் தொடரலாம். உடனே உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால், அது பூச்சில்லாத தோல், அல்லது பூச்சு தேய்ந்துபோன தோல். பூச்சில்லாத தோலைப் புதிதாகக் கற்பவர்கள் தொடாமல், காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து தரும் அனுபவமுள்ள டிடெயிலிங் கடையில் விடுவதே நல்லது.

படி 2: பொருட்கள்

மென்மையான பிரஷ் முனை பொருத்திய வேக்குவம் கிளீனர், மென்மயிர் பிரஷ் ஒன்று, வெளிர் நிறத்தில் நான்கைந்து மைக்ரோஃபைபர் துணிகள், தோலுக்கென்றே விற்கப்படும் கிளீனர், கண்டிஷனர், அதைத் தடவ ஒரு பஞ்சு. வெளிர் நிறத் துணி எதற்கென்றால், எவ்வளவு அழுக்கு வருகிறது, துணியில் இருக்கையின் சாயம் ஏறுகிறதா என்பதை அதில்தான் பார்க்க முடியும்.

கிளீனர் கிடைக்காவிட்டால், அரை லிட்டர் தண்ணீரில் குழந்தைகளுக்கான ஷாம்பூ சில சொட்டுகள் கலந்துகொள்ளலாம். துணி துவைக்கும் சோப்பும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம். தோல் இயல்பில் சற்று அமிலத் தன்மை உடையது. அந்தச் சோப்புகளில் பல காரத் தன்மை உடையவை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பூச்சையும் தோலையும் கெடுக்கும். தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மதுரையில் பல வீடுகளில் வருவது உப்பேறிய போர் தண்ணீர். கருப்பு இருக்கையில் அது காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் ஒரு லிட்டர் எடுத்துக்கொண்டால் போதும்.

படி 3: நேரமும் தூசியும்

வெயிலில் நின்ற வண்டியில் உடனே வேலையைத் தொடங்காதீர்கள். சூடான இருக்கையில் கிளீனர் துடைப்பதற்குள் காய்ந்து கறை விடும். சித்திரை, வைகாசியில் என்றால் காலை எட்டு மணிக்குள் நிழலில் முடித்துவிடுவது உத்தமம்.

முதலில் வேக்குவம், அதன் பிறகே ஈரம். இந்த வரிசை மாறக் கூடாது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் தூசியானாலும் மேலூர்ப் பக்கத்துச் செம்மண் ஆனாலும், தையல் ஓரத்தில் தங்கிய மண்ணை ஈரத் துணியால் தேய்த்தால் அது உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்துவிடும். தையல் மடிப்புகளை விரலால் விரித்துப் பிடித்து உறிஞ்சுங்கள். இருக்கைக்கு அடியில் தெரியும் மஞ்சள் நிற இணைப்புகள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றை இழுக்கவோ நனைக்கவோ கூடாது.

படி 4: சுத்தம் செய்தல்

கிளீனரை இருக்கையின் மேல் நேராகத் தெளிக்காமல் பிரஷ்ஷின் மேல் தெளித்துக்கொள்ளுங்கள். நுண்துளைகள் போட்ட இருக்கையில் இது கட்டாயம். துளை வழியே இறங்கும் ஈரம் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சில் தேங்கும், காற்று வீசும் இருக்கையாக இருந்தால் அடியில் மின்விசிறியும் இருக்கும். ஓரடிச் சதுரம் அளவுக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். நுரை அழுக்கேறி நிறம் மாறியதும், அது காய்வதற்கு முன்பே ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். முழு இருக்கையையும் ஒரே மூச்சில் நனைப்பது கூடாது.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடங்கள் மூன்று: தலைக்கு எண்ணெய் வைக்கும் நம் ஊரில் ஹெட்ரெஸ்ட், கை வியர்வை ஏறும் ஸ்டீயரிங், ஏறி இறங்கும்போது உரசும் ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்பு. இவை மினுமினுப்பதைப் பலர் நல்ல பாலிஷ் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கார் வாங்கியபோது தோல் மினுங்கவில்லை, மங்கலாகத்தான் இருந்தது. இந்த மினுக்கம் வியர்வையும் எண்ணெயும் படிந்த அடையாளம். அந்த மங்கல் திரும்பும் வரை இரண்டு, மூன்று முறை மெதுவாகச் செய்யலாம். ஆனால் துணியில் இருக்கையின் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 5: கண்டிஷனர்

இருக்கை நன்றாக உலர, கதவுகளைத் திறந்துவைத்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிறகு பஞ்சில் ஒரு சுண்டைக்காய் அளவு கண்டிஷனர் எடுத்து, இருக்கையின் ஒரு பகுதி முழுவதும் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். மடிப்பு விழும் இடங்களிலும் தையல் ஓரங்களிலும் சற்றுக் கூடுதலாகத் தடவலாம், ஏனெனில் பூச்சில் நுண்ணிய விரிசல் இருப்பதும் கண்டிஷனருக்கு உள்ளே இறங்க வழி கிடைப்பதும் அங்கேதான். கால் மணி நேரம் கழித்து, மிஞ்சியதை உலர்ந்த துணியால் துடைத்தெடுத்துவிடுங்கள். விரலால் தொட்டால் வழுக்கவோ ஒட்டவோ கூடாது. ஸ்டீயரிங்கில் மிச்சமே இருக்கக் கூடாது; டேஷ்போர்டு பாலிஷை அதில் பூசுவது பேராபத்து.

மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இது போதும். மாதந்தோறும் பூசினால் தோலுக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை, கடைக்காரருக்குத்தான் உண்டு. வெடித்துப் பிளந்த தோலைக் கண்டிஷனர் ஒட்டவைக்காது. அதற்கு நிரப்பி நிறமேற்றுவதும், முற்றினால் அந்தத் துண்டை மாற்றித் தைப்பதும்தான் வழி.

சில கறைகள்

குங்குமமோ விபூதியோ கொட்டினால் கை வைக்காமல் முதலில் உறிஞ்சி எடுங்கள். ஈரம் பட்டால் குங்குமத்தின் சாயம் இறங்கிவிடும். ஜிகர்தண்டா சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தையலுக்குள் பால் இறங்காதபடி உடனே ஈரத் துணியால் துடைக்க வேண்டும். இறங்கி ஊறிய பாலின் நாற்றத்தைப் போக்குவது மிகக் கடினம். வெளிர் மஞ்சள் இருக்கையில் ஜீன்ஸ் நீலம் ஏறினால் அன்றே கிளீனரால் துடைக்கப் பாருங்கள். பல வாரம் வெயிலில் ஊறிவிட்டால் முழுவதும் போவது அரிது. பேனா மைக்குச் சானிடைசர், தின்னர் போன்றவற்றைத் தொடவே கூடாது. மையோடு இருக்கையின் நிறமும் சேர்ந்து வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் மூடிக்கிடந்த வண்டியில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தால், மூக்கை மூடிக்கொண்டு, நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, காய்ந்த துணியால் துடைத்து அந்தத் துணியை வெளியே போட்டுவிடுங்கள். பிறகு படி 4-ஐச் செய்து, ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேற்றுங்கள். அன்றைக்குக் கண்டிஷனர் வேண்டாம். நன்றாக வெயில் அடித்து வண்டி உலர்ந்த பிறகு பூசிக்கொள்ளலாம்.